ஒளிப்படங்களுக்குப் பார்வையாளர்களைச் சேர்ப்பது எப்படி: ஓர் ஏரியை முன்வைத்து

கருவிகளையும் ஒளியமைப்பையும் பற்றிக் கற்றுத்தரும் காணொளிகள் இன்று தமிழிலேயே ஏராளமாக உள்ளன. எடுத்த படங்களை யாரிடம் கொண்டு செல்வது, ஒருமுறை வந்து பார்த்தவர்களை எப்படித் தொடர்ந்து வரச் செய்வது என்பது பற்றிய பேச்சு அதே அளவுக்கு வளரவில்லை. பின்தொடர்வோரின் எண்ணிக்கையைக் கூட்டும் உத்திகளாகவே அது பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் பார்வையாளர் என்று நான் குறிப்பிடுவது, அடுத்த படம் எப்போது வரும் என்று எதிர்பார்ப்பவரை, பார்த்ததை வீட்டாரிடம் காட்டுபவரை, படக்குறிப்பில் ஓர் ஊரின் பெயர் தவறாக இருந்தால் பொறுமையாகத் திருத்தி எழுதுபவரை. இப்படிப்பட்ட இருநூறு பேரைச் சேர்ப்பது இருபதாயிரம் விருப்பக்குறிகளைச் சேர்ப்பதைக் காட்டிலும் கடினமான வேலை. ஆயினும் ஓர் ஒளிப்படக் கலைஞரைப் பல ஆண்டுகள் தாங்கி நிற்பவர்கள் அவர்களே.

அவர்களைச் சேர்க்க நான் உறுதியாகப் பரிந்துரைக்கக்கூடிய வழி ஒன்று உண்டு. பெயர் அறியாத ஒருவரின் படங்களை மக்கள் தேடி வருவது, தங்களுக்கு ஏற்கெனவே வேண்டிய ஒன்றை அவர் தொடர்ந்து காட்டுகிறார் என்பதற்காகத்தான்; அவருடைய திறமையை அவர்கள் கவனிப்பது அதற்குப் பிறகே நடக்கிறது. ஆகவே பொருளைச் சுற்றியே கூட்டம் சேர்கிறது, அந்தப் பொருளோடு வாழ்பவர்களே முதலில் வருகிறார்கள். பொதுப்படையாகப் பேசிக்கொண்டே போவதைவிட ஓர் எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொள்வது பயனுள்ளதாக இருக்கும் என்பதால், உங்கள் ஊரின் ஏரி அல்லது கண்மாயைப் படமெடுப்பதாக வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். கோயில் சிற்பமோ, நெசவுத் தறியோ, மீன்பிடித் துறைமுகமோ உங்கள் பொருளாக இருந்தாலும் வழிமுறை பெரிதும் மாறாது.

பொருளைத் தேர்ந்தெடுத்தல்

ஏரியை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அது ஆண்டு முழுவதும் தன் தோற்றத்தை மாற்றிக்கொண்டே இருப்பது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை அதை நிரப்புகிறது. மிகுநீர் வெளியேறும் கலிங்கு வழிந்தோடும் நாளில் ஊரே திரண்டு வந்து கரையில் நிற்கிறது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து நீலச்சிறகி போன்ற வலசை வாத்துகள் வந்து இறங்குகின்றன, கருவேல மரங்கள் உள்ள ஏரிகளில் கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் கூடு கட்டுகின்றன. மடை திறப்பதும், பாசன முறை பற்றிய பேச்சும், தை மாத அறுவடையும் ஏரியோடு சேர்ந்தவை. கோடையில் நீர் வற்றத் தொடங்கும்போது புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டங்களின் பல கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊத்தா என்னும் மீன்பிடிக் கூடையும் வலையுமாகப் பக்கத்து ஊர்களிலிருந்தும் மக்கள் இறங்குகிறார்கள். முற்றிலும் வற்றிய பிறகு வண்டல் மண் அள்ளும் வண்டிகள், வெடித்த தரையில் மேயும் ஆடுகள், பிறகு மறுபடியும் மழை. ஒரே இடத்திலிருந்து ஓர் ஆண்டுக்குப் போதுமான படங்கள் இதில் இருக்கின்றன.

பார்வையாளர்களின் கோணத்திலிருந்து பார்த்தால் ஏரியின் வளம் இன்னும் தெளிவாகும். அதன் பாசனத்தை நம்பியிருக்கும் உழவர்கள், பறவை ஆர்வலர்கள், உயிரியல் ஆசிரியர்கள், நீர்நிலைப் பாதுகாப்பில் ஈடுபட்டுள்ள இளைஞர்கள் என்று பல குழுக்கள் அந்த ஒரே பொருளில் அக்கறை கொண்டுள்ளன. இவர்கள் அனைவரையும்விடப் பெரிய கூட்டம் ஒன்றைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. பிழைப்புக்காகச் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்ற உள்ளூர்க்காரர்களே அவர்கள். தாங்கள் நீந்திக் கற்ற கண்மாய் இந்த ஆண்டு நிரம்பியதா என்று அறிய அவர்கள் உண்மையாகவே விரும்புகிறார்கள். எங்கோ ஒரு பனிமலையின் அழகிய படத்தைவிடத் தங்கள் ஊர்க் கலிங்கின் சுமாரான படத்தின் முன் அவர்கள் அதிக நேரம் நிற்பார்கள். அந்தப் படம் சுமாராக இல்லாமல் சிறப்பாகவும் இருந்துவிட்டால், அவர்கள் உங்களை விடமாட்டார்கள்.

பொருளை முடிவு செய்யும் முன் மூன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரத்துக்குள் அங்கே போய்ச் சேர முடியுமா? அது காலத்தோடு மாறுகிறதா? ஒளிப்படக் கலைஞர் அல்லாத யாருக்காவது அது முக்கியமா? மூன்றாவது கேள்விதான் பலரைத் தடுக்கி விழச் செய்கிறது. நீர்த்துளியின் நெருக்கப் படம், நீண்ட நேர ஒளிபதிவில் பால்போல் மாறிய அலை ஆகியவை கைத்திறனை வளர்க்கும் நல்ல பயிற்சிகள். ஆனால் அவற்றைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அதே பயிற்சியைச் செய்யும் பிற கலைஞர்கள். திங்களன்று பூச்சி, புதனன்று தெருக்காட்சி, வெள்ளியன்று திருமணம் என்று கலந்து வெளியிடும் பக்கத்துக்கு வருபவருக்கு, அடுத்து என்ன கிடைக்கும் என்பது தெரியாததால் திரும்பி வரக் காரணமும் இருப்பதில்லை. மற்ற வகைப் படங்களை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவற்றுக்கு வேறொரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தோடு வரும் சொற்கள்

இந்தப் பகுதியில் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன், ஏனெனில் தமிழில் படம் வெளியிடுவோர் மிக அதிகமாகக் கைவிட்டிருப்பது இதைத்தான்.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். பல பாகங்களை ஒன்றுசேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவைக்கூட அவர் பயன்படுத்தினார். அவருடைய வாசகர் வட்டத்தை உருவாக்கியது, ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996இல் மறையும் வரை இரு வாரங்களுக்கு ஒருமுறை அவர் எழுதிவந்த பத்தி. யானையும் காட்டெருமையும் மட்டுமல்லாமல் வீட்டு முற்றத்துக் காகம், அணில், தெருவோர மரம் ஆகியவையும் அதில் இடம்பெற்றன. தமிழிலும் அவர் எழுதினார். நாற்பத்தாறு ஆண்டுகள் இடைவிடாத கால ஒழுங்கு, படத்தோடு சேர்ந்து நிற்கும் துல்லியமான சொற்கள், எளியதையும் உற்றுப் பார்க்கும் கவனம் என்னும் இம்மூன்றும் இணையம் வருவதற்கு முன்பே பார்வையாளர்களைச் சேர்த்த வழிகள், இன்றும் அவை செல்லுபடியாகின்றன.

ஒரு நத்தைக்குத்தி நாரையின் படத்தை எடுத்துக்கொள்வோம். “இயற்கையின் அழகு” என்றோ “காலை வணக்கம்” என்றோ எழுதி வெளியிட்டால் அதைப் பார்ப்பவருக்குச் சொல்வதற்கு எதுவும் இருக்காது. அதற்கு மாறாக இப்படி எழுதிப் பாருங்கள்: “ஏரியின் தெற்கு மடை அருகே, ஜனவரி இரண்டாம் வாரம், காலை ஏழு மணி. நத்தைக்குத்தி நாரையின் அலகுகள் மூடியபோதும் நடுவில் இடைவெளி தெரிகிறது. நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையைப் பிரித்தெடுக்க இந்த அமைப்பு உதவுகிறது. குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி இருப்பதில்லை. வளர்ந்த பிறகே உண்டாகிறது. படத்தின் வலப்பக்கம் தெரியும் வயலில் நடவு முடிந்து மூன்று வாரங்கள் ஆகின்றன.” இதில் இடமும் காலமும் இருக்கின்றன, பார்வையாளர் மறுபடி படத்துக்குத் திரும்பிச் சென்று அலகைப் பார்ப்பதற்கான காரணமும் இருக்கிறது, உள்ளூர் உழவர் ஒருவர் நடவைப் பற்றிச் சொல்வதற்கான இடமும் இருக்கிறது. படத்திலேயே தெரிவதைத் திரும்பச் சொல்லாமல், படத்தில் தெரியாத ஒன்றைச் சொல்வதே நல்ல படக்குறிப்பின் வேலை.

பெயர்களில் கவனம் வேண்டும். பறவையின் தமிழ்ப் பெயர், மதகின் உள்ளூர்ப் பெயர், மீன்பிடிக் கருவியின் பெயர் ஆகியவற்றைக் கரையில் இருப்பவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ஒரே பறவைக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் பெயர் மாறும், அதைப் பற்றிய பேச்சே சில சமயம் ஒரு வாரத்துக்குத் தொடரும். உறுதியாகத் தெரியாத பெயரை எழுதுவதைவிட “பெயர் அறிந்தவர்கள் சொல்லுங்கள்” என்று கேட்பது நேர்மையானது, அப்படிக் கேட்கும்போது நீண்ட நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முதன்முறையாகப் பேசுவார்கள். அப்படிப் பெயர் சொன்னவர் கூறியது சரியென்று உறுதியான பின் படக்குறிப்பைத் திருத்தி, அவர் அனுமதித்தால் அவர் பெயரையும் சேர்த்து நன்றி சொல்லுங்கள்.

வெளியிடும் கால ஒழுங்கைப் பொறுத்தவரை, நாள்தோறும் வெளியிட வேண்டும் என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. வேலைக்குச் செல்லும் ஒருவரால் அதைச் சில வாரங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது, தரமும் விரைவில் சரியும். வாரத்துக்கு ஒருமுறை, குறிப்பிட்ட கிழமையில், குறிப்பிட்ட நேரத்தில் ஒரு பதிவு என்று வைத்துக்கொண்டு அதை ஆண்டு முழுவதும் காப்பாற்றுவது போதுமானது. மழைக்காலத்திலும் வலசைக் காலத்திலும் படங்கள் குவியும். அவற்றில் ஒரு பகுதியை எடுத்துவைத்து, ஏரி வறண்டு கிடக்கும் மாதங்களில் “அதே இடம், ஆறு மாதங்களுக்கு முன்” என்று இணையாக வெளியிடலாம். இப்படி ஒப்பிட்டுக் காட்டுவதற்காகவே கரையில் ஓர் இடத்தைத் தேர்ந்து, ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில் நின்று, அதே குவியத் தூரத்தில், ஏறத்தாழ அதே நேரத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது எளிய படங்களாக இருக்கும் அவை, பன்னிரண்டும் சேரும்போது நீங்கள் எடுத்தவற்றுள் அதிகம் பகிரப்படுவனவாக மாற வாய்ப்பு உண்டு.

முதல் பார்வையாளர்கள் கரையிலேயே இருக்கிறார்கள்

படத்தில் இருப்பவருக்குப் படத்தைக் கொடுப்பதிலிருந்து தொடங்குங்கள். வலை வீசுபவர், ஆடு மேய்ப்பவர், மடையைப் பார்த்துக்கொள்ளும் நீர்ப்பாய்ச்சி என யாரைப் படமெடுத்தாலும், அடுத்த முறை போகும்போது கலர் லேபில் போட்ட ஓர் அச்சைக் கையில் கொடுங்கள். 4×6 அங்குல அச்சுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, அதனால் கிடைக்கும் நம்பிக்கையோ வேறெதனாலும் கிடைக்காது. அந்தப் படம் அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கும், வருவோர் போவோரெல்லாம் யார் எடுத்தது என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு ஏரியில் என்ன நடந்தாலும், கலிங்கு எப்போது வழியும், மீன் எப்போது பிடிப்பார்கள், எந்த மரத்தில் புதிதாகக் கூடு கட்டியிருக்கிறது என்ற செய்தியெல்லாம் உங்களைத் தேடி வரும். நல்ல படத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அச்சின் பின்புறத்தில் உங்கள் பெயரையும், படங்களைப் பார்க்கக்கூடிய இடத்தையும் எழுதி வையுங்கள். ஊரின் வாட்ஸ்அப் குழுக்கள் உள்ளூர் நாளிதழ்போல் செயல்படுகின்றன. வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருப்பவர்களை ஊரோடு இணைப்பவையும் அவையே. குழுவில் தினமும் படங்களைக் கொட்டுவது நல்லதன்று. வாரப் பதிவிலிருந்து ஒரே ஒரு படத்தை, படக்குறிப்போடும் உங்கள் பெயரோடும் அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் சுருக்கிவிடும் என்பதால் எச்டி தரத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது நல்லது. விருப்பமுள்ளவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ள வாட்ஸ்அப் சேனல் ஒன்றைத் தொடங்கலாம். 2023 செப்டம்பரிலிருந்து இந்தியாவில் அந்த வசதி உள்ளது. அதில் பின்தொடர்பவரின் தொலைபேசி எண் மற்ற பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது என்பதால், முன்பின் அறியாதவர்களும் பெண்களும் தயக்கமின்றிச் சேர முடிகிறது.

ஓராண்டுப் படங்கள் சேர்ந்ததும் ஊரிலேயே ஒரு கண்காட்சி வையுங்கள். இதற்குக் கலைக்கூடம் தேவையில்லை. அரசுப் பள்ளியின் வராந்தா, கிளை நூலகம், ஊராட்சி மன்றக் கட்டடம், திருமண மண்டபத்தின் முன்கூடம் ஆகியவற்றில் எது கிடைத்தாலும் போதும். இருபது படங்களுக்கு மேல் வைக்க வேண்டாம். தேர்வு செய்வதற்கு, அறுபது எழுபது படங்களைச் சிறிய அச்சாகப் போட்டுத் தரையில் பரப்பி, சில நாள்கள் அவற்றைச் சுற்றி நடந்து பாருங்கள். ஒரே செய்தியைச் சொல்லும் இரண்டு படங்களில் ஒன்றை எடுத்துவிடுங்கள். உங்கள் நண்பர் ஒருவரையும், ஏரிக்கரையில் வேலை செய்யும் ஒருவரையும் தனித்தனியே அழைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இருவரும் தேர்ந்தவை வேறுபடும் இடங்களைக் கவனித்தால், உங்கள் படங்கள் யாரோடு பேசுகின்றன என்பது புரியும்.

அளவுக்கு 12×18 அங்குலம் பொருத்தமானது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் அச்சிட 3600×5400 பிக்சல்கள், அதாவது சுமார் 19 மெகாபிக்சல் தேவை. 24 மெகாபிக்சல் கேமராவின் முழுப் படம் இதற்குத் தாராளமாகப் போதும். சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதற்கு 200 புள்ளிகளும் போதுமானவை என்பதால், ஓரளவு வெட்டி எடுத்த படத்தையும், நல்ல வெளிச்சத்தில் கைபேசியில் எடுத்த படத்தையும்கூட இந்த அளவில் தயக்கமின்றி அச்சிடலாம். கண்ணாடிச் சட்டம் எடை மிகுந்தது, வெளிச்சத்தையும் எதிரொளிக்கும். பளபளப்பற்ற தாளில் அச்சிட்டுச் சன்போர்டு என்னும் எடை குறைந்த பலகையில் ஒட்டினால் செலவும் குறையும், அடுத்த ஊருக்கு எடுத்துச் செல்வதும் எளிது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பது பெரியவர்களின் கண்மட்டத்துக்குச் சரியாக இருக்கும். தொடக்கப் பள்ளியில் வைப்பதாக இருந்தால் இன்னும் தாழ்வாக மாட்டுங்கள். படக்குறிப்புகளைப் பெரிய எழுத்தில், தமிழில் அச்சிடுங்கள். வாயில் அருகே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஏரியைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததை எழுதுமாறு கேளுங்கள். முதியவர்கள் சொல்லும் பழைய வெள்ளங்களும் மறைந்துபோன மீன் வகைகளும் உங்கள் அடுத்த ஆண்டுப் படங்களுக்கான திட்டமாகவே அமையும். எழுத இயலாதவர்களின் அருகில் அமர்ந்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் வைக்கும் முறை

இன்ஸ்டாகிராம் இன்று பலருக்கு முதன்மையான இடம். அதன் தலைவர் ஆடம் மொசெரி 2025இன் தொடக்கத்தில், பார்க்கும் நேரம், விருப்பக்குறி, பிறருக்கு அனுப்பப்படுதல் ஆகியவையே பரவலைத் தீர்மானிப்பதில் முக்கியமானவை என்று விளக்கினார். இவற்றுள் மூன்றாவதே நம்மைப் போன்றவர்களுக்கு உதவக்கூடியது, ஏனெனில் தன் ஊர் ஏரியைப் பார்த்தவர் அதைத் தன் அண்ணனுக்கு அனுப்பாமல் இருக்கமாட்டார். ஹாஷ்டேக்குகளை வரிசையாக அடுக்குவதில் பயனில்லை. ஊரின் பெயர், மாவட்டத்தின் பெயர், பொருளின் பெயர் என்று மூன்று நான்கு போதும். செங்குத்தான 4:5 வடிவம், 1080×1350 பிக்சல் அளவில், கைபேசித் திரையை நன்கு நிறைக்கிறது. ஏரியின் படங்கள் இயல்பாகவே கிடைமட்டமாக அமைவதால் திரையில் சிறுத்துத் தெரியும். ஆகவே களத்திலேயே அதே காட்சியைச் செங்குத்தாகவும் எடுத்துவருவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு வெட்டிச் செங்குத்தாக்குவது பெரும்பாலும் படத்தைக் கெடுக்கிறது.

ரீல்ஸ் செய்யத்தான் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். படத்தின் இயல்புக்குப் பொருந்தினால் செய்யலாம். கலிங்கில் நீர் விழும் ஓசை, கூடு திரும்பும் பறவைகளின் இரைச்சல் ஆகியவற்றை இருபது நொடிகள் பதிவு செய்து, அதே இடத்தின் ஒளிப்படத்தோடு சேர்த்து வெளியிடுவது பொருளுக்குச் செய்யும் நன்மையே. திரைப்பாடலை ஓடவிட்டு அதன் தாளத்துக்குப் படங்களை மாற்றுவது வேறு வகைக் கூட்டத்தைக் கொண்டுவரும், அந்தக் கூட்டம் அடுத்த பாடலுக்குப் போய்விடும்.

கருத்து எழுதியவர்களுக்குப் பதில் எழுதுங்கள். முதல் இருநூறு பேரை இதுதான் சேர்க்கும். பிறர் பக்கங்களிலும், உங்கள் பொருளைச் சார்ந்தவற்றைப் பார்த்து, உண்மையாகச் சொல்வதற்கு ஏதேனும் இருக்கும்போது எழுதுங்கள்.

நீண்ட காலம் நிற்கும் இடங்கள்

சமூக ஊடகத்தில் ஒரு படத்தின் ஆயுள் ஓரிரு நாள்கள். தேடுபவருக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் கிடைக்கும் இடங்களில் படங்களின் ஒரு பகுதியை வைப்பது, மெதுவாக ஆனால் உறுதியாகப் பார்வையாளர்களைக் கொண்டுவருகிறது.

விக்கிப்பீடியாவுக்குப் படங்களைத் தரும் களஞ்சியமாக 2004இல் தொடங்கப்பட்ட விக்கிமீடியா பொதுவகம் இவற்றுள் முதன்மையானது. தமிழ் விக்கிப்பீடியாவில் நம் ஊர்களையும் ஏரிகளையும் பற்றிய கட்டுரைகள் பல இன்னும் படமின்றி இருக்கின்றன. நீங்கள் எடுத்த தெளிவான ஒரு படம் அங்கே சேர்ந்தால், அந்த ஊரைத் தேடுவோர் அனைவரும், பாடம் எழுதும் மாணவர்கள் உட்பட, அதைப் பார்ப்பார்கள். ஆனால் அங்கே ஏற்றும் படத்தை யாரும், வணிக நோக்கிலும்கூட, உங்கள் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு நீங்கள் உடன்பட வேண்டும், கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற இயலாது. ஆகவே ஆவணத் தன்மை கொண்ட படங்களை, அதாவது மதகு, கரை, ஊர்ப் பலகை, பறவையின் தெளிவான பக்கத் தோற்றம் ஆகியவற்றை அங்கே கொடுங்கள். கண்காட்சிக்கும் விற்பனைக்கும் உரிய படங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இபேர்டு தளத்தில், பறவைப் படங்களைப் பட்டியலோடு சேர்த்து ஏற்றினால் அவை கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மக்காலே நூலகத்தில் சேர்கின்றன. படத்தின் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். ஆண்டுதோறும் பொங்கலையொட்டித் தமிழகத்தில் நடைபெறும் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் ஏரியைச் சேர்த்துக்கொள்வது, மாநிலம் முழுவதும் உள்ள பறவை ஆர்வலர்களுக்கு உங்களை அறிமுகப்படுத்தும். அவர்கள் கூர்மையான கண் உடையவர்கள், பாராட்டைவிடத் திருத்தங்களையே அதிகம் தருவார்கள். அந்தத் திருத்தங்களை மதிப்பவரின் படங்களை அவர்கள் நம்பத் தொடங்குகிறார்கள்.

ஏற்றும் முன் படக்கோப்பின் உள்தகவலில் உங்கள் பெயர், பதிப்புரிமைக் குறிப்பு, விளக்கம் ஆகியவற்றை நிரப்புங்கள். படத்தொகுப்பு மென்பொருள்களான லைட்ரூமிலும் கட்டணமில்லாத டார்க்டேபிளிலும் படங்களை உள்ளிடும்போதே இதைத் தானாகச் சேர்க்க அமைத்துக்கொள்ளலாம்.

சங்கங்கள், போட்டிகள், விழாக்கள்

சென்னையின் ஒளிப்படச் சங்க மரபு 1850களிலேயே தொடங்கியது, இன்றும் பல நகரங்களில் சங்கங்கள் செயல்படுகின்றன. அவற்றில் சேர்வதால் நேர்மையான விமர்சனமும் களப்பயணத் துணையும் கிடைக்கும். சலோன் எனப்படும் போட்டிகளில் கலந்துகொள்வது தொழில்நுட்ப ஒழுங்கை வளர்க்கும், பட்டங்களும் கிடைக்கும். ஆனால் சலோனில் ஒரு படத்தை நடுவர்கள் சில நொடிகளே பார்க்கிறார்கள். அந்த நொடிகளில் அதிரச் செய்யும் படங்களை நோக்கி உங்கள் கண் திரும்பிவிடக்கூடும். பார்வையாளர்களைத் தேடுபவர் போட்டியைப் பக்கத்துணையாக மட்டும் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

தொடர்ச்சியான படவரிசைகளுக்கு உரிய இடங்கள் வேறு. ஈராண்டுக்கு ஒருமுறை என்ற எண்ணத்தில் அமைந்து 2016இல் முதல்முறை நடந்த ஒளிப்பட விழாவான சென்னை போட்டோ பியனாலே, பறக்கும் ரயில் நிலையம் போன்ற பொது இடங்களிலும் படங்களை வைத்து, கலைக்கூடத்துக்கு வராதவர்களையும் பார்க்கச் செய்தது. பி. சாய்நாத் நிறுவி 2014இல் இயங்கத் தொடங்கிய பாரி தளம் கிராமப்புற வாழ்வு பற்றிய படக்கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வெளியிடுகிறது. அதில் எம். பழனி குமாரின் படைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். துப்புரவுத் தொழிலாளர்கள், கடற்பாசி எடுக்கும் பெண்கள் ஆகியோரின் வாழ்வை அவர் மீண்டும் மீண்டும் சென்று படமெடுத்திருக்கிறார். 2022ஆம் ஆண்டுக்கான முதல் தயாநிதா சிங்-பாரி ஆவண ஒளிப்பட விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஒரே மக்களிடம் திரும்பிச் செல்வதால் படங்களில் என்ன சேர்கிறது என்பதை விளக்கங்களைவிட அந்தப் படங்களே தெளிவாகக் காட்டும்.

இத்தகைய இடங்களுக்கும் இதழ்களுக்கும் அனுப்பும்போது எட்டு முதல் பன்னிரண்டு படங்களும், ஒவ்வொன்றுக்கும் படக்குறிப்பும், இந்தப் பொருளை நீங்கள் ஏன் தொடர்கிறீர்கள் என்பதைச் சொல்லும் ஒரு பத்தியும் போதும். நீண்ட பக்க அளவு 2048 பிக்சல் உள்ள கோப்புகளை அனுப்புங்கள், முழு அளவுக் கோப்பைத் தேர்வான பிறகு கொடுக்கலாம்.

உரிமையும் ஒப்புதலும்

கூடுகளுக்கு அருகில் செல்வது, குஞ்சுகள் மீது ஃபிளாஷ் அடிப்பது, ஒலியை இசைத்துப் பறவையை வரவழைப்பது ஆகியவற்றைத் தவிர்ப்பதோடு, அரிய பறவை கூடு கட்டியிருக்கும் துல்லியமான இடத்தையும் வெளியிடாதீர்கள். ஏரியின் பெயரைச் சொல்லலாம், மரத்தைச் சொல்ல வேண்டாம். உங்கள் பதிவைப் பார்த்து நாற்பது கேமராக்கள் ஒரே மரத்தடியில் கூடினால் கேடு பறவைக்குத்தான். மனிதர்களைப் பொறுத்தவரை, படமெடுக்க ஒப்புக்கொண்டவர் இணையத்தில் வெளியிட ஒப்புக்கொண்டதாக ஆகாது. இரண்டையும் தனித்தனியே கேளுங்கள், குளித்துக்கொண்டிருப்பவர்களையும் குழந்தைகளையும் பற்றிக் கூடுதல் கவனம் கொள்ளுங்கள்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படமெடுத்தவரே அதன் ஆசிரியர், 2012ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு அவருடைய வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து மேலும் 60 ஆண்டுகளும் உரிமை நிலைக்கிறது. ஆனால் ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். திருமணம், நிறுவன விழா ஆகியவற்றைப் படமெடுப்பவர்கள் தம் பக்கத்தில் அவற்றைக் காட்ட விரும்பினால், முன்பணம் வாங்கும்போதே அதற்கான ஒப்புதலை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

பார்வையாளர்கள் பெருகும்போது படங்களைக் கேட்டு வேண்டுகோள்கள் வரத் தொடங்கும். பள்ளி, நீர்ப்பாசன சங்கம், உள்ளூர்ப் பாதுகாப்புக் குழு ஆகியவற்றுக்கு இலவசமாகக் கொடுப்பதை நான் ஆதரிக்கிறேன், ஏனெனில் அவை உங்கள் பொருளின் சொந்தக்காரர்கள். விளம்பர நிறுவனமோ பதிப்பகமோ கேட்டால், எந்தப் படம், எந்தப் பயன்பாட்டுக்கு, எவ்வளவு காலத்துக்கு, எத்தனை பிரதிகளில் அல்லது எந்தத் தளத்தில், பெயர் எங்கே இடம்பெறும் என்ற விவரங்களை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவை கைக்கு வந்த பிறகு தொகையைச் சொல்லுங்கள், முழு அளவுக் கோப்பைப் பணம் வந்த பின் அனுப்புங்கள். அச்சான பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கி, படத்தில் இருக்கும் நபரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.